பூச்சித் தாக்கத்தின் பின் முதிர்ந்த பனங்கூடல்களைப் பேணுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெருமரக் காடுகள் அருகியே உள்ளன. பிற மாவட்டங்களிற் காடு செய்யும் பணியை இங்கே பனங்கூடல்களே செய்து வருகின்றன. காற்றின் வேகத்தைத் தணித்தும், மணலை நிலைநிறுத்தியும், மாரிமழை நிலத்துள் இறங்க வழிசெய்தும், வேலிக்கு மட்டையும் கூரைக்கு ஓலையும் வீட்டுக்குத் தீராந்தியும் சிலாகையும் தந்தும், பஞ்சகாலத்தில் ஒடியலாக உணவளித்தும் வந்த இக்கூடல்கள் ஒரு தலைமுறையில் உண்டானவை அல்ல. பாட்டன் ஊன்றிய விதையின் பயனைப் பேரன் நுகர்கின்றான் என்பது பனையைப் பொறுத்தவரை மிகையன்று.

இத்தகைய முதிர்ந்த கூடல் ஒன்றிற் பூச்சி பெருகி ஓலைகள் தீப்பட்டனபோற் கருகும்போது, அல்லது குருத்துகள் வெட்டுண்டு வட்டுகள் சரியும்போது, உரிமையாளர் மனங்கலங்குவது இயல்பே. மரம் வாங்குவோரும் அவ்வேளையிலேதான் வந்து விலை பேசுவர். "எப்படியும் படப்போகும் மரம், இன்றைக்கே தறித்தாற் காசாகும்" என்ற எண்ணத்தில் உயிருள்ள மரங்களும் தறிபடுகின்றன. இதற்கு மாறாக, பட்டுப்போன மரங்களை ஒருவரும் தொடாது ஆண்டுக்கணக்கில் நிற்கவிட்டு, அவற்றிலிருந்து எழும் வண்டுகளால் அயலிலுள்ள நல்ல மரங்களையும் இழப்போரும் உளர். இவ்விரண்டும் தவறான முறைகளாகும். எம்மரத்தை வைத்திருத்தல் வேண்டும், எதனை அகற்றுதல் வேண்டும், அகற்றிய மரத்தை என்ன செய்தல் வேண்டும், வெறுமையான இடத்தை எவ்வாறு நிரப்புதல் வேண்டும் என்பவற்றை விளக்குதலே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பனையின் இயல்பு

மரத்தின் இயல்பை அறியாது அதனைக் காப்பாற்ற இயலாது. மா, பலா, வேம்பு முதலியவற்றுக்குப் பல கிளைகளும் பல முளைகளும் உண்டு. ஒரு கிளை அழிந்தாலும் வேறொன்று தழைக்கும். பனைக்கோ வளரும் முளை ஒன்றே. அது வட்டின் நடுவே, குருத்தோலைகளின் அடியில் மறைந்துள்ளது. அது அழிந்தால் மரம் அழிந்ததே. அது உயிரோடிருப்பின், வெளியிலுள்ள ஓலைகள் யாவும் கருகினும் மரம் மீண்டும் தழைக்கும்.

இரண்டாவதாக, பனையின் தண்டிலே புதுப்பட்டையை உண்டாக்கும் படை இல்லை. ஆகையாற் பனையில் ஏற்பட்ட காயம் மாமரத்துக் காயம்போல மூடி ஆறுவதில்லை. அரிவாள் வெட்டும், வண்டு துளைத்த துளையும் வேறு பூச்சிகளும் அழுகலும் நுழைவதற்குரிய வாயில்களாகவே நெடுங்காலம் நிற்கும்.

மூன்றாவதாக, பனை காலந்தாழ்த்திப் பயன் தரும் மரம். வித்திட்டுப் பன்னிரண்டு முதற் பதினைந்து ஆண்டுகள், சிலவிடத்து இருபது ஆண்டுகள் சென்ற பின்னரே அது பாளை விடும். அதன் பின் நூறாண்டுக்கு மேலும் நின்று பயன் தரவல்லது. எனவே அவசரத்தில் தறித்த ஒரு மரத்தை ஈடுசெய்வதற்கு அரைத் தலைமுறைக்காலம் வேண்டும் என்பதைக் கோடரியை எடுக்குமுன் நினைத்தல் வேண்டும்.

பூச்சியை இனங்காணுதல்

பனையையும் தென்னையையும் தாக்கும் பூச்சிகளுள் மூன்று முதன்மையானவை. அவை மரத்துக்குச் செய்யும் தீங்கும், பெருகும் இடமும், தீர்க்கும் வழியும் வெவ்வேறானவை.

கருந்தலைப் புழு. இது சாம்பல் நிறமான ஒரு சிறு அந்துப் பூச்சியின் புழுவாகும். இலங்கையிலிருந்து பெற்ற மாதிரிகளைக் கொண்டே இப்பூச்சிக்கு 1864இல் அறிவியற்பெயர் இடப்பட்டது. புழுவின் தலை கரியது. பச்சைநிற உடலிற் செம்மண்ணிறக் கோடுகள் காணப்படும். ஓலையின் அடிப்புறத்திற் பட்டுநூலாலும் தன் எச்சத்தாலும் குகை போன்ற கூடு கட்டி, அதனுள் இருந்தவாறே பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். முட்டை தொடங்கி அந்து ஆகும்வரை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் செல்லும். மாசி முதல் வைகாசி வரையான வரண்ட காலத்தில் இது மிகப் பெருகும். மாரி தொடங்கத் தணியும். முதிர்ந்த கீழ் ஓலைகளே முதலிற் கருகும். குருத்தோ பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். தூரத்திலிருந்து பார்ப்போருக்குக் கூடல் முழுவதும் எரிந்ததுபோலத் தோன்றினும், இப்புழுவினால் மட்டும் முதிர்ந்த பனை படுவது அரிது.

கருவண்டு. காண்டாமிருக வண்டு என்பதும் இதுவே. தலையிலே கொம்புடைய, ஒன்றரை அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமுள்ள கரிய வண்டு. இரவிற் பறந்து வந்து வட்டினுள் நுழைந்து, விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றை உண்ணும். அக்குருத்து விரியும்போது கத்தரிகொண்டு வெட்டியதுபோன்ற ஒழுங்கான வெட்டுகள் ஓலையிற் காணப்படும். தீங்கு செய்வது வளர்ந்த வண்டே. அதன் புழு உயிருள்ள மரத்தைத் தொடுவதில்லை. வெண்ணிறமாய் வளைந்த அப்புழு உக்கிய மரக்குற்றிகளிலும், எருக்குவியல்களிலும், குப்பைகளிலும் வளர்கின்றது.

செவ்வண்டு. நீண்ட மூஞ்சியுடைய செந்நிற வண்டு. கருவண்டு துளைத்த துளையிலும் கத்திக்காயத்திலும் முட்டையிடும். காலற்ற புழுக்கள் தண்டின் உள்ளே குடைந்து தின்னும். வெளியே தெரியும் அடையாளங்கள் சிலவே: துளையிலிருந்து கபில நிறச் சாறு வடிதல், மென்ற நார் வெளித்தள்ளப்படுதல், தண்டிலே காதை வைத்துக் கேட்டால் அரிக்கும் ஒலி கேட்டல், ஈற்றில் நடு ஓலைகள் வாடி வட்டு முறிந்து சரிதல். இளந்தென்னைகளே இதற்கு மிகுதியும் இரையாகின்றன. எனினும் பனையும் தப்புவதில்லை. மூன்றினுள்ளும் மரத்தை உறுதியாகக் கொல்வது இதுவேயாகும்.

இவற்றோடு, தென்னோலைகளின் அடியிற் சுருள் வடிவமாக வெண்மெழுகு படியச் செய்யும் வெள்ளை ஈயையும் அறிந்திருத்தல் நன்று. இது 2016இற் பொள்ளாச்சிப் பகுதியிற் காணப்பட்டு, பின்னர் இலங்கையிலும் பரவியது. அது சொரியும் இனிய நீரிற் கரும்பூஞ்சணம் வளர்வதால் ஓலைகள் கரிபூசியனபோற் காணப்படும். அதனாலே விளைவு குறையுமேயன்றி, தென்னையைத் தறிப்பதற்கு அது காரணமாகாது.

பூச்சி எங்கே பெருகுகின்றது?

ஒரு கூடலைத் தறிக்கலாமா என்று வினவுமுன், தாக்கிய பூச்சி எங்கே பெருகுகின்றது என வினவுதல் வேண்டும். உலகின் பல பாகங்களிலும் முதிர்ந்த காடுகளைப் பேணுவோர் பெற்ற அனுபவம் இதனையே வலியுறுத்துகின்றது.

ஜேர்மனியின் பவேரியக் காட்டிலே 1970இல் ஒரு தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1980களிற் புயலால் மரங்கள் வீழ்ந்தமையையும், 1990களிற் பட்டைவண்டு பெருகி ஆயிரக்கணக்கான ஹெக்ரேயர் ஊசியிலைக் காடு பட்டுப்போனமையையும் அப்பூங்கா கண்டது. அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதியிற் பட்ட மரங்களை எடாது விட்டனர். பட்டைவண்டு ஈரமுள்ள பட்டையின் கீழ் மட்டுமே வளர்வது. பட்டை காய்ந்து உதிர்ந்த மரத்தில் அது இல்லை. ஆகவே நின்ற உலர்மரங்களால் வண்டு பெருகவில்லை. அவற்றின் நிழலிலும் உக்கிய தண்டுகளின் மேலும் இளங்கன்றுகள் முளைத்துப் புதுக்காடு எழுந்தது.

இந்தியாவின் மத்திய பிரதேசத்துச் சால் காடுகளின் நிலை வேறு. அங்கே சால் துளைவண்டு 1923 முதல் 1928 வரையிலும், மீண்டும் 1990களின் பிற்பகுதியிலும் பெருங்கேடு விளைத்தது. அவ்வண்டின் புழு மரத்தின் வைரத்தினுள் வளர்ந்து, மழை தொடங்க வண்டாகி வெளிவரும். எனவே மிகுதியாகத் தாக்குண்ட மரங்களை அடுத்த மழைக்குமுன் காட்டிலிருந்து அகற்றுதல் அவசியமாயிற்று. புதிதாகத் தறித்த சாற்குற்றியின் பட்டையை நசுக்கி வைத்தால் அச்சாற்றை நாடி வண்டுகள் கூடும். அவற்றைப் பிடித்து அழிக்கும் முறையும் கையாளப்பட்டது. அதேவேளை, தப்பிப் பிழைக்கக்கூடிய மரங்களையும் சேர்த்துத் தறித்தல் ஆகாது என்பதற்காகத் தாக்கத்தின் அளவுக்கேற்ப மரங்களை வகுக்க வேண்டியதாயிற்று.

கருவண்டின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. இவ்வண்டு 1909ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இறப்பர்க் கன்றுகளோடு பசிபிக் தீவான சமோவாவை அடைந்தது; அங்கிருந்து பிற தீவுகளுக்கும் பரவியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பலாவுத் தீவுகளுக்கும் அது சென்றது. அங்கே குண்டுவீச்சாலும் தறிப்பாலும் வீழ்ந்த தென்னங்குற்றிகள் உக்கிக் கிடந்தமையால் வண்டு அளவின்றிப் பெருகி, தீவுகளின் தென்னைகளில் ஏறத்தாழப் பாதியை அழித்தது. குவாம் தீவில் 2007இற் காணப்பட்ட வண்டு, 2015இல் அடித்த சூறாவளி வீழ்த்திய மரங்களில் இனம்பெருக்கி, நின்ற மரங்களை மிகுதியாகத் தாக்கியது.

யாழ்ப்பாணத்து மக்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் எண்ணிறந்த பனைகள் எறிகணைகளால் தலையிழந்தன. பதுங்குகுழிகளுக்காகவும் பல தறிக்கப்பட்டன. தலையிழந்த தண்டும், மண்ணில் விடப்பட்ட அடிக்கட்டையும், மேல்மூடிய குற்றியும் உக்கும்போது கருவண்டின் புழுவுக்கு ஏற்ற தொட்டில்களாகின்றன.

ஆகவே நெறி இதுவாகும்: கருந்தலைப் புழு தாக்கிய கூடலிலே தறிப்பதாற் பயனில்லை, அது பச்சோலையிற் பெருகுவது. கருவண்டும் செவ்வண்டும் தாக்கிய கூடலில், பட்டதையும் படுவது உறுதியானதையும் மட்டும் காலந்தாழ்த்தாது அகற்றுதல் வேண்டும்.

மரங்களை நான்கு வகையாகப் பிரித்தல்

கூடலில் உள்ள மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சுண்ணாம்பினாலோ நிறமையினாலோ குறியிடுதல் வேண்டும். நிலத்தில் நின்று பார்த்து முடிவு செய்தல் ஏமாற்றந் தரும். மரமேறும் தொழிலாளரின் கண்ணும் அனுபவமும் இவ்விடயத்தில் இன்றியமையாதவை. வட்டினுள் நடப்பதை அவர்கள் அறிவதுபோல் வேறெவரும் அறியார். அவர்களுக்குரிய கூலியைக் கொடுத்து ஒவ்வொரு மரத்தையும் பார்ப்பித்தல் தறித்து இழப்பதிலும் மிக மலிவானது.

முதல் வகை: ஓலைகள் பச்சையாய், குருத்து நேராய் நிற்பவை. இவற்றுக்குக் கண்காணிப்பு மட்டும் போதும்.

இரண்டாம் வகை: கீழ் ஓலைகள் கருகியும் குருத்து நலமாயும் உள்ளவை. இவை கருந்தலைப் புழுவினால் தாக்குண்டவை. இவற்றைத் தறித்தல் ஆகாது. முற்றாகக் கருகிய ஓலைகளை மட்டும் வெட்டி அகற்றுக. அடுத்த ஒரு பருவத்துக்கேனும் இவற்றிலிருந்து பச்சோலை வெட்டுதலையும் பாளை சீவுதலையும் நிறுத்திவைத்தல் நன்று. உணவு சமைக்கும் ஓலைகளை இழந்த மரத்திடம் பதநீரும் கேட்பது அதனை மேலும் மெலிவிக்கும்.

மூன்றாம் வகை: குருத்தோலையில் வெட்டுகள் காணப்படினும் புதுக்குருத்து வந்துகொண்டிருப்பவை. இவை கருவண்டு தாக்கியவை. பனை ஏறத்தாழ மாதத்துக்கு ஓர் ஓலை விடும். வரட்சியில் இது தாமதமாகும். எனவே சித்திரையில் ஐயுற்ற மரத்தைப் பற்றி மாரி முடியுமுன் தீர்ப்புச் சொல்லுதல் கூடாது. மார்கழிக்குள் இரண்டு மூன்று புதுக்குருத்துகள் விரிந்தால் மரம் பிழைத்ததென்றே கொள்க.

நான்காம் வகை: குருத்து அழுகிப் பிடுங்கினாற் கையோடு வருவன, வட்டு முறிந்து சரிந்தவை, தண்டிலே பல துளைகளிற் சாறு வடிபவை, தலையற்று நிற்பவை. இவற்றுக்கு மீட்சியில்லை. இவற்றையே அகற்றுதல் வேண்டும்; தாமதித்தலும் கூடாது.

தறித்தலும் குற்றிகளை ஒழித்தலும்

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் (கட்டுப்பாட்டு)ச் சட்டம் பலா முதலிய பயன்மரங்களைத் தறித்தலைக் கட்டுப்படுத்துகின்றது. பனையைத் தறிக்குமுன்னும் கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்தை அணுகி உரிய அனுமதியைப் பெறுதல் வேண்டும். பூச்சியாற் பட்ட மரம் என்பது அனுமதியின்றித் தறிப்பதற்குக் காரணமாகாது. நான்காம் வகை மரங்களுக்கு மட்டும் குறியிட்டு விண்ணப்பித்தால், பார்வையிட வருவோருக்கும் உண்மை எளிதில் விளங்கும்.

தறித்த மரத்தின் வெளிப்புற வைரம் பெரும்பாலும் கெடாதிருக்கும். அதனைப் பிளந்து சிலாகைக்கும் தீராந்திக்கும் பயன்படுத்தலாம். நடுவிலுள்ள சோறே விரைவில் உக்கிப் புழுவுக்கு உணவாகின்றது. ஆகவே மரத்தைத் தறித்த அன்றே, அல்லது அவ்வாரத்திலேயே, நீளவாக்கிற் பிளந்து வெயிலிற் காயவிடுதல் வேண்டும். காய்ந்த மரத்திற் கருவண்டு முட்டையிடுவதில்லை. ஈரமுள்ள, உக்கும் மரத்தையே அது நாடும்.

செவ்வண்டு குடைந்த மேற்பகுதியையும் வட்டையும் வெட்டிப் பிளந்து, புழுக்களையும் நாராற் கட்டிய கூடுகளையும் தேடி அழித்து, எஞ்சியதை எரித்துவிடுக. அதனைக் கூடலுக்குள் இழுத்துப்போட்டு விடுவதும், வண்டியில் ஏற்றி வேறோர் ஊருக்குக் கொண்டுசெல்வதும் வண்டைக் காவிச்செல்வதற்கே ஒப்பாகும். எரிக்கும் வேலையைக் கூடலுக்கு வெளியே, வெறுந்தரையில், காற்றடங்கிய வேளையிற் செய்க. காவோலை தொங்கும் பனங்கூடலிலே ஒரு தீப்பொறி செய்யும் நாசம் பத்து வருட வண்டின் நாசத்திலும் பெரிது.

அடிக்கட்டையை நிலமட்டத்துக்குக் கீழே தறித்து மண்ணால் நன்கு மூடுதல் வேண்டும். எடுக்க இயலாத குற்றிகளை ஓரிடத்தில் அடுக்கி, அவற்றின்மேற் கொடிகளை அடர்த்தியாகப் படரவிடலாம். திறந்து கிடக்கும் குற்றியையே வண்டு எளிதிற் கண்டடைகின்றது. கொடி மூடிய குற்றியை அது பெரும்பாலும் காண்பதில்லை. மலேசியத் தோட்டங்களில் இம்முறை நற்பயன் அளித்துள்ளது.

ஒரு கருவண்டுப் பேடு தன் வாழ்நாளில் ஏறத்தாழ நூறு முட்டைகள் வரை இடவல்லது. அவற்றுட் பத்தில் ஒன்று பிழைத்தாலும், கவனியாது விட்ட ஒரு குற்றியில் ஐந்து பேடுகள் முட்டையிட்டால் ஐம்பது வண்டுகள் வெளிவரும். ஒரு குற்றியைப் பிளப்பதற்குச் செல்லும் அரைநாட் கூலியை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

செம்பாட்டு நிலத்து எருக்குவியல்கள்

திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய் முதலிய செம்பாட்டு ஊர்களிற் கிணற்றுநீர் கொண்டு செறிந்த தோட்டச் செய்கை நடைபெறுகின்றது. இங்கே பனை பெரும்பாலும் எல்லைகளிலும் ஒழுங்கையோரங்களிலும் வளவுகளிலுமே நிற்கின்றது. "எங்களிடம் கூடல் இல்லையே, வண்டைப்பற்றி எமக்கென்ன கவலை?" என்று தோட்டக்காரர் எண்ணுதல் தகாது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மரவள்ளிக்குமெனச் சேர்த்து வைக்கும் மாட்டெருக் குவியலே கருவண்டின் மற்றொரு தொட்டிலாகும். அங்கே வளர்ந்த வண்டு இரவிற் பறந்து அயலூர்க் கூடலை அடைகின்றது.

எருவை ஆறு மாதங்கள் அசையாது விடுதலே தீங்குக்குக் காரணம். முட்டை வண்டாவதற்குச் சில மாதங்கள் செல்லுமாதலால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குவியலைப் புரட்டி, காணப்படும் வெண்புழுக்களைப் பொறுக்கி எடுத்தால் வண்டு எழமாட்டாது. புரட்டும்போது கோழிகளை விட்டால் அவையே பாதி வேலையை முடித்துவிடும். பச்சைப் பூஞ்சணம் எனப்படும் மெற்றாரைசியம் என்னும் நுண்ணுயிரைக் குவியலிற் கலத்தலும் புழுக்களை நோய்ப்படுத்தி அழிக்கும். அது மனிதருக்கும் கால்நடைக்கும் தீங்கற்றது.

ஐந்து லீற்றர் நீரில் ஒரு கிலோகிராம் ஆமணக்கம் பிண்ணாக்கை ஊறவைத்து, வாயகன்ற பானைகளில் நிலமட்டத்தில் வைத்தால் வண்டுகள் அதனை நாடி வந்து வீழும். காலையில் அவற்றை அகற்றுக. இனக்கவர்ச்சிப் பொறிகளும் உண்டு. அவற்றை வடலிகளின் நடுவே வையாது, கூடலின் வெளியோரத்தில் வைத்தல் வேண்டும். தவறினால், தூரத்து வண்டுகளையும் வடலிகளுக்கு நாமே அழைத்ததாகும்.

கைக்கெட்டும் வடலிகளையும் இளந்தென்னைகளையும் காப்பதற்கு, தூளாக்கிய வேப்பம் பிண்ணாக்கு ஒரு பங்கும் மணல் இரு பங்கும் கலந்து உட்குருத்தை அடுத்த மூன்று மட்டைகளின் கவட்டில் இடலாம். துளையினுள் இருக்கும் வண்டைக் கொக்கிக் கம்பியாற் குத்தி எடுத்தபின், அத்துளையையும் இக்கலவையால் அடைத்துவிடுக. கத்திக்காயங்களுக்குத் தார் பூசினாற் செவ்வண்டு முட்டையிடுதல் தடைப்படும். பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டாது, ஏறத்தாழ நான்கு அடி விட்டு வெட்டுக.

நஞ்சு மருந்துகள் பற்றிய எச்சரிக்கை

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல்லாகும். மேலே வீழ்வது வெடிப்புகளின் வழியே விரைவில் நிலத்தடி நீரைச் சேர்கின்றது. நமக்கோ அந்நீரைத் தவிர வற்றாத ஆறுமில்லை, ஏரியுமில்லை. செறிந்த பசளைப் பாவனையால் நமது கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை முன்னரே அறியப்பட்டதாகும். இந்நிலையில் உயர்ந்த பனைகளுக்கு மேல்நோக்கி நஞ்சு தெளித்தல், பூச்சியை அடைவதிலும் மண்ணையும் கிணற்றையும் அடைவதே மிகுதி. பதநீரும் நுங்கும் எடுக்கும் மரத்துக்கு நஞ்சிடுதல் உண்பவருக்கு நஞ்சிடுதலாகும்.

மேலும், நஞ்சு முதலிற் கொல்வது பூச்சியின் எதிரிகளையே. கருந்தலைப் புழுவை அதன் கூட்டினுள்ளேயே தேடிச் சென்று முட்டையிடும் கோனியோசசு என்னும் சிறு குளவியும், அதன் கூட்டுப்புழுவில் வளரும் வேறு குளவிகளும் நம்மிடையே உண்டு. லுணுவிலையில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிலையம் இத்தகைய குளவிகளைப் பெருக்கி விடுவிக்கும் முறையை வளர்த்துள்ளது. 1970இல் இலங்கைத் தென்னைகளிற் காணப்பட்ட இலைதுருவி வண்டு, சிங்கப்பூரிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு சிறு குளவியினால் அடக்கப்பட்டமை நமது நாட்டு அனுபவமேயாம். சமோவாவிற் கருவண்டும் 1967இல் விடுவிக்கப்பட்ட ஒரு வைரசு நோயினாலேயே தணிந்தது.

கருகிய ஓலைகளை எரிக்குமுன் சிலவற்றை விரித்துப் பார்க்க. புழுக்கள் உயிரோடு மிகுந்திருப்பின் எரித்துவிடுக. புழுக்கள் செத்தும், சிறு குளவிக்கூடுகள் ஒட்டியும் காணப்படின் அவ்வோலைகளைக் கூடலின் ஓரத்திற் சில வாரங்கள் வைத்து, குளவிகள் வெளியேறிய பின் தோட்டத்திற் பசளையாகத் தாழ்க்கலாம். ஓலை தாழ்த்தல் நம் முன்னோர் கைக்கொண்ட சிறந்த முறையே.

வெறுமையை நிரப்புதல்

ஒரே காலத்தில் முளைத்த மரங்களே நிறைந்த கூடல் ஒரே காலத்தில் முதுமையடையும். வடலியும் நடுவயது மரமும் முதுமரமும் கலந்து நிற்கும் கூடலிலே பூச்சியாற் சில மரங்கள் போயினும் கூடல் போகாது. ஆகவே நான்காம் வகை மரம் அகற்றப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் அவ்வாண்டே விதையூன்றுதல் வேண்டும்.

பனை முளைக்கும்போது முதலில் நிலத்துள் ஆழமாக முளையை இறக்கிக் கிழங்கை உண்டாக்குகின்றது. அதனாற் பிடுங்கி நடுதல் பெரும்பாலும் பலிப்பதில்லை. நிற்க வேண்டிய இடத்திலேயே விதையை ஊன்றுதல் உத்தமம். ஆடி, ஆவணியில் வீழும் பழங்களுள் நன்கு காய்க்கும், பூச்சித் தாக்கத்திலும் குருத்துக் குன்றாது நின்ற மரங்களின் விதைகளைத் தெரிந்தெடுத்து, புரட்டாதி, ஐப்பசியில் மழைக்குமுன் ஊன்றுக. மூன்று மீற்றர் இடைவெளி போதுமானது. அவ்வளவில் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 450 மரங்கள் நிற்கும். ஓரிடத்தில் இரண்டு விதைகள் இட்டு, வலியதை வைத்துக்கொள்க. ஆண்பனை, பெண்பனை என்ற வேறுபாடு பாளை விடும்வரை தெரியாதாகையால் நெருக்கமாக ஊன்றிப் பின்னர்க் கலைத்தலும் ஏற்றதே.

பாத்தியிற் கிழங்குக்காகப் போடும் விதைகளுள் ஒரு பகுதியைக் கூடலுக்கென ஒதுக்கும் வழக்கத்தை ஒவ்வொரு குடும்பமும் மேற்கொள்ளலாம். முதல் ஐந்தாறு ஆண்டுகள் மாடும் ஆடும் தீயும் அணுகாது காத்தல் வேண்டும். கூடலின் கீழ் இயல்பாக வளரும் பற்றைகளை முற்றாகச் செருக்கிவிடுதல் தவறு. அவற்றின் பூக்களே சிறு குளவிகளுக்கு உணவளிக்கின்றன. வேம்பு, இலுப்பை, பூவரசு முதலியவற்றை ஓரங்களில் வைத்தல் கூடலை மேலும் வலுப்படுத்தும்.

ஊரார் ஒருங்கே செய்தல்

வண்டு வேலியை மதிப்பதில்லை. ஒருவர் தமது குற்றிகளைப் பிளந்து எரித்தும், அயலவர் உரிமையாளரற்ற வளவிலே பத்துத் தலையற்ற பனைகளை நிற்கவிட்டால் முன்னவரின் உழைப்பு வீணாகும். வெளிநாடுகளில் வாழ்வோரின் வளவுகள் பல ஊர்களிற் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. அவற்றின் உரிமையாளருக்கு அறிவித்து ஒப்புதல் பெறுதலும், அனுமதி பெற்றுப் பட்ட மரங்களை அகற்றுதலும் கமக்காரர் அமைப்புகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். கமநல சேவை நிலையங்களில் உள்ள விவசாயப் போதனாசிரியர்களும், 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிலையமும், தென்னையைப் பொறுத்தவரை தென்னைப் பயிர்ச்செய்கைச் சபையும் இவ்விடயத்தில் ஆலோசனை பெறத்தக்க இடங்களாகும்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. பூச்சியை இனங்கண்ட பின்னரே மரத்தின் விதியைத் தீர்மானிக்க.
2. ஓலை கருகியது மரம் பட்டதாகாது, குருத்தைப் பார்க்க.
3. ஐயுற்ற மரத்துக்கு ஒரு மாரிகாலத் தவணை கொடுக்க.
4. பட்ட மரத்தை அனுமதி பெற்றுத் தறித்து, அவ்வாரமே பிளந்து காயவிடுக.
5. எருக்குவியலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புரட்டுக.
6. கூடலுக்குள் தீயும், கிணற்றருகே நஞ்சும் வேண்டா.
7. ஒரு மரம் போன இடத்தில் அவ்வாண்டே விதை ஊன்றுக.

இன்று ஊன்றும் விதை பதினைந்து ஆண்டுகளின் பின்னரே பாளை விடும். அதுவரை நமக்கு நிழலும் ஓலையும் உணவும் தரவிருப்பவை இன்று நிற்கும் முதிர்ந்த மரங்களே. ஆதலால், உயிருள்ள ஒரு பனையையேனும் ஆராயாது தறித்தல் ஆகாது. பட்ட ஒரு பனையையேனும் கவனியாது விடுதலும் ஆகாது.